கீட்டோ தொடங்கி 6 வாரம்: மூச்சிலும் வியர்வையிலும் வாடை மாறிவிட்டது, என்ன செய்வது?

நீலத்தும்பி:

வணக்கம். கூச்சமான விஷயம், நேரில் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறைக்கு மாறி 6 வாரம் முடிந்துவிட்டது. மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 20 கிராமுக்குள் வைத்திருக்கிறேன். 93 கிலோவில் இருந்தவன் இப்போது 86. மாடிப்படி ஏறும்போது முழங்காலில் வந்துகொண்டிருந்த வலி கிட்டத்தட்ட இல்லை, மதியம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும் தூக்கமும் போய்விட்டது. அதனால் இதை விட்டுவிட எனக்கு மனமே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரச்சினை வாடைதான். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, வாயில் இரும்பை நக்கியது போல ஒரு சுவை வந்தது, மூச்சில் நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை. அது வரும் என்று படித்திருந்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து இன்னொன்று சேர்ந்துகொண்டது. உடற்பயிற்சி முடித்து பனியனைக் கழற்றினால் மூக்கில் சுருக்கென்று ஏறுகிற ஒரு நெடி, தலைமுடிச் சாயப் பொட்டலத்தைப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி. இத்தனை வருடத்தில் என் வியர்வைக்கு இப்படி ஒரு வாடை இருந்ததே இல்லை. சிறுநீரும் அப்படித்தான் இருக்கிறது.

தினம் இரண்டு முறை குளிக்கிறேன். சோப்பை மூன்று தடவை மாற்றியாயிற்று. டியோடரண்ட் அடித்தால் ஒரு மணி நேரம் தாங்குகிறது, அப்புறம் இரண்டு வாடையும் கலந்து இன்னும் மோசமாகிறது. போன வாரம் என் மனைவி, என் மனம் நோகக் கூடாதே என்று சுற்றி வளைத்து, மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து அலுவலகக் கூட்டத்தில் யார் பக்கத்திலும் உட்காரத் தயக்கமாக இருக்கிறது, பேசும்போது கை தானாக வாயருகே போய்விடுகிறது.

நான் சாப்பிடுவது: காலையில் 4 முட்டை, மதியம் கோழி, இரவு மீன் அல்லது இறைச்சி, இடையில் சீஸ், பயிற்சி முடித்ததும் புரதப் பொடி ஒன்றரைக் கரண்டி. காய்கறி குறைவுதான், மாவுச்சத்துக் கணக்கு தாண்டிவிடுமோ என்ற பயம். தண்ணீர் முன்பு குடித்த அளவே குடிக்கிறேன்.

இது தானாகப் போய்விடுமா? போகாது என்றால், கீட்டோவை விடாமலே சரிசெய்ய வழி உண்டா? சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் எதுவும் இல்லை, மாத்திரை எதுவும் எடுப்பதில்லை.

மரங்கொத்தி:

எனக்கும் மூச்சு வாடை வந்தது, நாலாவது வாரம் முடியும்போது பெரும்பாலும் போய்விட்டது. தண்ணீரைக் கூட்டினேன், சாப்பாட்டில் உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் சொல்கிற அந்தச் சாய நெடி எனக்கு வரவே இல்லை. நான் புரதப் பொடி தொடுவதில்லை, அதனாலா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பருந்து:

பல வருடம் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், இது எனக்கு மிகவும் பிடித்த பாடம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் வாடை என்று ஒரே சொல்லில் சொன்னாலும், எழுதியதைப் படித்தால் அங்கே இரண்டு இருக்கின்றன. ஒன்று மூச்சிலிருந்து வருவது, இன்னொன்று வியர்வையிலிருந்து வருவது. இரண்டும் வேறு வேறு பொருள், பிறக்கும் இடம் வேறு, தீர்வும் வேறு. இரண்டையும் சேர்த்து ஒரே சோப்பால் தீர்க்கப் பார்த்ததால்தான் எதுவும் வேலை செய்யவில்லை.

முதலில் மூச்சு. மாவுச்சத்து நின்றுபோனால் கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களைச் செய்கிறது. முதலில் உருவாவது அசிட்டோஅசிடேட். அதில் பெரும்பகுதி பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட்டாக மாறி ரத்தத்தில் சுற்றி மூளைக்கும் தசைக்கும் எரிபொருளாகிறது. ஆனால் அசிட்டோஅசிடேட் நிலையில்லாத பொருள், எந்த நொதியின் உதவியும் இல்லாமல் தானே ஒரு கார்பன் டை ஆக்ஸைடை உதிர்த்துவிட்டு அசிட்டோன் ஆகிவிடும். நகப்பூச்சை அழிக்கப் பயன்படுகிற அதே அசிட்டோன்தான். எளிதில் ஆவியாகக்கூடியது என்பதால் ரத்தம் நுரையீரலுக்குப் போகும்போது மூச்சோடு வெளியேறுகிறது. சாதாரணமாகச் சாப்பிடுகிறவர் மூச்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் அசிட்டோன் இருக்கும், கீட்டோவில் இருக்கிற பெரியவர்களுக்கு அது 40 பங்கு வரை போகலாம். இது வாயில் பிறப்பதில்லை, அதனால் பல் தேய்ப்பதும் நாக்கு வழிப்பதும் இதைத் தொடவே தொடாது. தேய்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கீட்டோவில் வாய் வறண்டு போகும், வறண்ட வாயில் பாக்டீரியா பெருகி வேறொரு துர்நாற்றம் சேரும், அதற்குத் தேய்ப்பதும் தண்ணீரும் உதவும். அசிட்டோன் வாடை மட்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகத் தணிந்துவிடுகிறது. இன்னும் தொந்தரவாக இருந்தால் மாவுச்சத்தை 20 கிராமிலிருந்து 35, 40 கிராம் வரை ஏற்றிப் பாருங்கள். பலர் அந்த அளவிலும் கீட்டோசிஸில்தான், அதாவது உடம்பு கீட்டோன்களை எரிபொருளாக்கும் நிலையில்தான் இருப்பார்கள், ஆனால் ரத்தத்தில் கீட்டோன் குறைவதால் வாடையும் குறையும்.

இப்போது வியர்வை. உங்கள் மனைவி சொன்னது பெரும்பாலும் இதைத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சாயப் பொட்டல நெடி என்பது அம்மோனியா, தலைமுடிச் சாயத்திலும் அதைத்தான் போடுகிறார்கள். அது கொழுப்பிலிருந்து வர வழியே இல்லை, ஏனென்றால் கொழுப்பில் நைட்ரஜன் கிடையாது. புரதத்தில் உண்டு, எடையில் சுமார் 16 சதவீதம். நீங்கள் சாப்பிடும் புரதம் தசைக்குத் தேவையான அளவைத் தாண்டினால், உடம்பு அதைச் சேமித்து வைக்க முடியாது. நைட்ரஜனைப் பிரித்து எடுத்துவிட்டு மீதியை எரித்துவிடும். பிரிந்த நைட்ரஜன் அம்மோனியாவாகி, கல்லீரலில் யூரியாவாகி, பெரும்பாலும் சிறுநீரிலும் கொஞ்சம் வியர்வையிலும் போகிறது. தோலில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் அந்த யூரியாவைத் திரும்ப அம்மோனியாவாக உடைத்துவிடும். போதாததற்கு உங்கள் தசையில் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து, குறைவு. கிளைக்கோஜன் இல்லாமல் கடுமையாகப் பயிற்சி செய்தால் தசை அமினோ அமிலங்களைக் கூடுதலாக எரிக்கும், அப்போது ரத்தத்தில் அம்மோனியா ஏறும், அதுவும் வியர்வையில் வரும். பயிற்சி முடிந்தபின் மட்டும் நெடி அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீர் விஷயமும் இதில் சேர்த்தி. 1 கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைக்கோஜன் கரைந்தால் அந்தத் தண்ணீரும் போகும், முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கிய எடையில் பெரும்பங்கு அதுதான். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியே விடுகிறது. இவ்வளவும் இழந்துவிட்டுப் பழைய அளவே தண்ணீர் குடித்தால் சிறுநீரும் வியர்வையும் கெட்டியாகும், கெட்டியானால் வாடை கூடும்.

நீங்கள் எழுதிய பட்டியலை நான் தோராயமாகக் கூட்டிப் பார்த்தேன், புரதம் 180 கிராமைத் தாண்டும் போலிருக்கிறது. கீட்டோ என்பது கொழுப்பு அதிகமான உணவுமுறை, புரதம் அதிகமானது அல்ல. பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள், கொழுப்புக்குப் பயந்து இறைச்சியை ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் எடைக்கு, பயிற்சியும் செய்கிறீர்கள் என்பதால், கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது 105 முதல் 130 கிராம் வரை போதும். ஒரு வாரம் உண்மையாக அளந்து எழுதிப் பாருங்கள்.

வெண்தாமரை:

செம்பருந்து ஐயா சொன்னதை என் வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். என் மகனுக்கு வலிப்பு. மூன்று மருந்துக்கும் அடங்காததால் நரம்பியல் மருத்துவர் கீட்டோ உணவு முறையில் சேர்த்தார். எடை குறைக்க இது பிரபலமானது பிற்பாடுதான், 1921இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் இதை முன்வைத்ததே வலிப்புக்காகத்தான். என் மகனுக்குக் கொடுத்தது 4க்கு 1 என்ற கணக்கு, அதாவது கொழுப்பு 4 பங்கு என்றால் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்தே 1 பங்கு. ஒவ்வொரு வேளையும் தராசில் வைத்து எடை போட்டுத்தான் ஊட்டினேன், ஒரு கிராம் கூடினால்கூட எடுத்துவிடுவேன்.

இரண்டு வருடம் அப்படி இருந்தான். மூச்சில் அந்தப் பழம் அழுகின மாதிரி இனிப்பான வாடை எப்போதும் இருந்தது, பள்ளியில் பக்கத்துப் பையன்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அம்மோனியா நெடி ஒரு நாள்கூட வந்ததில்லை. வெயிலில் ஓடி ஆடிவிட்டு வந்து மடியில் விழுவான், குழந்தை வியர்வை வாடைதான் இருக்கும். இப்போது யோசித்தால் காரணம் புரிகிறது, கொழுப்பு மலையாக இருந்தது, புரதம் மட்டும் கையளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் அவனை எழுப்பும்போது மூச்சை முகர்ந்து பார்ப்பேன், அந்த வாடை இருந்தால் எனக்கு நிம்மதி, இல்லை என்றால் நேற்று எங்கேயோ எதையோ சாப்பிட்டிருக்கிறான் என்று பதறுவேன். ஊருக்கெல்லாம் நாற்றமாக இருந்தது எனக்கு மட்டும் அவன் அன்று நன்றாக இருப்பான் என்ற உறுதியாக இருந்தது. இப்போது உணவு முறையை நிறுத்திவிட்டோம், வலிப்பும் வரவில்லை. நீலத்தும்பி, உங்கள் மனைவி சொன்னதை நினைத்து ஒடுங்கிப் போகாதீர்கள். உங்களுக்கு அதை வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காட்டாறு:

இதெல்லாம் உடம்பில் பல வருடமாகத் தேங்கிய நச்சு வெளியேறுவதுதான். வாடை அடிக்கிறது என்றாலே சுத்தமாகிறது என்று அர்த்தம். எதையும் மாற்றாமல் தாங்கிக்கொண்டால் தானாக நின்றுவிடும்.

செம்பருந்து:

காட்டாறு, கோபித்துக்கொள்ளாதீர்கள், இது சரியில்லை. அசிட்டோன் பழைய நச்சு கிடையாது, இன்று காலை கல்லீரல் செய்த கீட்டோனிலிருந்து இன்று காலையே வந்தது. அம்மோனியா நேற்றுச் சாப்பிட்ட கோழியிலிருந்து வருகிறது. கோழி குறையாத வரை அது நிற்காது, தாங்கிக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்தாலும் அப்படியேதான் இருக்கும். வாடையைச் சுத்தமாவதன் அறிகுறி என்று நம்புகிறவர்கள், உண்மையிலேயே ஏதாவது கோளாறு வந்து வாடை அடிக்கும்போதும் அப்படியே நம்பி இருந்துவிடுவார்கள், எனக்கு அதுதான் பயம்.

அக்குளைப் பற்றி முன்பு எழுத விட்டுப்போனது. புதிதாக வரும் வியர்வைக்குப் பெரிதாக வாடையே இல்லை. அக்குளில் இருக்கும் ஒருவகைச் சுரப்பி கொழுப்பும் புரதமும் கலந்த சுரப்பை விடுகிறது, அதைக் கோரினிபாக்டீரியம், ஸ்டைஃபிலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் தின்று வாடையுள்ள அமிலங்களாகவும் கந்தகச் சேர்மங்களாகவும் மாற்றுகின்றன. அது கீட்டோவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடப்பதுதான். ஏபிசிசி11 என்ற ஒரு மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு அந்தச் சுரப்பே மிகக் குறைவு, அவர்களுக்குக் காதுக் குறும்பிகூட ஈரமாக இல்லாமல் பொருபொருவென்று உலர்ந்திருக்கும்.

இறைச்சி சாப்பிட்டாலே நாறும் என்பதும் அவ்வளவு நேரான கணக்கு அல்ல. 2006இல் செக் ஆய்வாளர்கள் 17 ஆண்களை இரண்டு வாரம் இறைச்சியோடும் இரண்டு வாரம் இறைச்சி இல்லாமலும் வைத்து, அக்குளில் வைத்த பஞ்சுகளைப் பெண்களிடம் முகரக் கொடுத்தார்கள். இறைச்சி இல்லாத வாரத்து வாடைதான் இனிமை என்று முடிவு வந்தது. 2017இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில் பழமும் காய்கறியும் அதிகம் சாப்பிட்ட ஆண்களின் வியர்வை நன்றாக இருந்தது, ஆனால் அதே ஆய்வில் கொழுப்பும் இறைச்சியும் முட்டையும் சாப்பிட்டவர்கள் பக்கமும் நல்ல மதிப்பெண் போயிருக்கிறது, மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்குத்தான் குறைந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். இரண்டிலும் முரண்படாமல் நிற்கிற ஒன்று, காய்கறியால் வாடைக்குக் கேடு வரவில்லை என்பது. அதனால் கணக்குக்குப் பயந்து காய்கறியை ஒதுக்காதீர்கள்.

ஒற்றைப்பனை:

என் கதை கொஞ்சம் வேறு, ஆனால் இந்தத் தலைப்பைத் தேடி வருகிற யாராவது ஒருவருக்கு இது தேவைப்படலாம். எனக்கு வந்தது அசிட்டோனும் இல்லை, அம்மோனியாவும் இல்லை. கெட்டுப்போன மீன் வாடை. கீட்டோ தொடங்கி தினம் 5, 6 முட்டை, வாரம் இரண்டு நாள் ஈரல், மீன் என்று சாப்பிட்டேன். பத்து நாளில் வியர்வை, மூச்சு, சிறுநீர் மூன்றிலும் அதே வாடை. எனக்குத் தெரியவே இல்லை, தன் வாடை தனக்கு மரத்துப்போகுமே. அக்காதான் நேராகச் சொன்னாள்.

தோல் மருத்துவர் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்புறம் வேறொரு மருத்துவர்தான் சிறுநீரில் டிரைமெத்திலமைன் என்ற, மீன் வாடை தரும் பொருளின் அளவு பார்க்கச் சொன்னார். முட்டை மஞ்சளிலும் ஈரலிலும் இருக்கும் கோலின், சிவப்பு இறைச்சியில் இருக்கும் கார்னிடின், இவற்றைக் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைனாக மாற்றுமாம், கடல் மீனிலிருந்தும் அது உருவாகுமாம். எல்லோருக்கும் நடப்பதுதான், ஆனால் கல்லீரலில் எஃப்எம்ஓ3 என்ற நொதி அதை வாடையில்லாத பொருளாக மாற்றிவிடும். எனக்கு அந்த நொதி பிறவியிலேயே கொஞ்சம் மந்தம். முன்பு சாப்பிட்ட அளவுக்குத் தாக்குப்பிடித்தது, கீட்டோவில் சுமை கூடியதும் முடியவில்லை. மாதவிடாய் நாட்களை ஒட்டி இன்னும் அதிகமாக இருக்கும், அதுவும் இந்தக் கோளாறில் வழக்கம்தான் என்றார்.

ஈரலையும் கடல் மீனையும் நிறுத்தினேன், முட்டையை வெகுவாகக் குறைத்தேன், கொழுப்புக்கு வெண்ணெயும் எண்ணெயும் கொட்டை வகையும் எடுத்துக்கொள்கிறேன். சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது, அதற்குப் பதில் 5.5 முதல் 6.5 வரை பிஹெச் உள்ள சோப்பு போடச் சொன்னார். டிரைமெத்திலமைனும் காரம்தான், லேசான அமிலத்தில் அது உப்பாகி, ஆவியாகாமல் தண்ணீரோடு கழுவிப் போய்விடும். உண்மையாகவே வித்தியாசம் தெரிகிறது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பிறப்புறுப்பில் மட்டும் மீன் வாடை இருந்தால் அதைக் கீட்டோ மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் பாக்டீரியா தொற்றாக இருக்கும், மருந்து கொடுத்தால் சரியாகிவிடும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவுப்பணி:

அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நீலத்தும்பி, நீங்கள் மாத்திரை எதுவும் எடுப்பதில்லை என்று எழுதியதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. படிக்கிற மற்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆரோக்கியமான ஒருவர் கீட்டோவில் இருந்தால் ரத்தத்தில் கீட்டோன் பொதுவாக லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை இருக்கும், இன்சுலின் அதற்கு மேல் போகாமல் பிடித்து வைக்கும். இன்சுலின் இல்லாதவர்களுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்கும் கீட்டோன் கட்டுமீறி ஏறி ரத்தம் அமிலமாகலாம். அந்த மாத்திரை எடுப்பவர்களிடம் ஒரு பெரிய ஏமாற்று உண்டு: ரத்தச் சர்க்கரை கிட்டத்தட்ட இயல்பாகவே காட்டும், அதைப் பார்த்து நமக்கு ஒன்றும் இல்லை என்று வீட்டிலேயே படுத்துவிடுவார்கள். பாலூட்டும் தாய்மார்களுக்கும் கடுமையான கீட்டோவில் இந்த நிலை வந்தது பதிவாகியிருக்கிறது. மூச்சில் பழ வாடையோடு வாந்தி, வயிற்று வலி, இழுத்து இழுத்து வேகமாக மூச்சு விடுவது, குழப்பமான பேச்சு, இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாடையை வைத்து மட்டும் எது சாதாரணம், எது ஆபத்து என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, நாங்கள் ரத்தம் எடுத்துத்தான் பார்க்கிறோம்.

சிறுநீரில் நனைக்கும் பட்டையை நம்பி இருப்பவர்களும் கவனியுங்கள். அது அசிட்டோஅசிடேட்டை மட்டும்தான் காட்டும், ரத்தத்தில் அதிகம் இருக்கும் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட்டைக் காட்டாது.

புரதத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி ஒரு மாதம் ஆகியும் அம்மோனியா நெடி போகவில்லை என்றால் சிறுநீரகம், கல்லீரல் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மேலே உப்பைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள், ரத்த அழுத்தமோ சிறுநீரக, இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது.

நீலத்தும்பி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. வெண்தாமரை அம்மா எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், இருவரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மகன் நன்றாக இருக்கட்டும்.

செம்பருந்து ஐயா சொன்னபடி முதல் வாரம் எதையும் மாற்றாமல் அளந்து மட்டும் எழுதினேன். புரதம் சராசரியாக 190 கிராம்! எனக்கே நம்ப முடியவில்லை. பொடியை முழுவதும் நிறுத்தினேன், மதியக் கோழியைப் பாதியாக்கி அந்த இடத்தில் வெண்ணெயில் வதக்கிய கீரையும் காலிஃப்ளவரும் சேர்த்தேன். இப்போது புரதம் 115 பக்கம், மாவுச்சத்து 35. தண்ணீர் தாகத்துக்குக் குடிப்பது போக, பயிற்சிக்கு முன்னும் பின்னும் தனியாக அரை லிட்டர்.

மாற்றம் தொடங்கிய ஆறாம் நாள் பனியனை முகர்ந்தேன், நெடி பாதியாகிவிட்டது. பத்தாம் நாள் சுத்தமாக இல்லை, சாதாரண வியர்வை வாடைதான். என் மூக்கை நான் நம்பவில்லை, மனைவியிடம் கொடுத்தேன், அவரும் இல்லை என்றுதான் சொன்னார். எடை இறங்குவது கொஞ்சம் மெதுவாகியிருக்கிறது, முழங்கால் நன்றாகவே இருக்கிறது. மூச்சில் காலை வேளையில் மட்டும் லேசாக அந்த அசிட்டோன் வாடை இருக்கிறதாம், மதியத்துக்குள் தெரிவதில்லை என்கிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. பழைய பயிற்சிச் சட்டைகள் துவைத்து உலர்த்தியும் போட்ட பத்து நிமிடத்தில் அந்தப் பழைய வாடையைக் கிளப்புகின்றன. இது ஏன்?

மரங்கொத்தி:

பாலியெஸ்டர் சட்டையாக இருக்கும், சரியா? பெல்ஜியத்தில் 26 பேரைப் பயிற்சி செய்ய வைத்து, அவர்கள் போட்டிருந்த பருத்திச் சட்டையையும் பாலியெஸ்டர் சட்டையையும் ஒரு நாளுக்கு மேல் மூடி வைத்து முகர்ந்து பார்த்தார்கள், 2014இல் வந்த ஆய்வு. பாலியெஸ்டரில்தான் வாடை மோசம், வாடை கிளப்பும் மைக்ரோகாக்கஸ் வகைப் பாக்டீரியா அதில் நன்றாக வளர்கிறதாம். எண்ணெய்ப் பசையை அந்த நூல் பிடித்து வைத்துக்கொள்ளும், குளிர்ந்த தண்ணீரில் போகாது. துணிக்கு ஆகுமா என்று பார்த்துவிட்டு, சூடான தண்ணீரில் நொதி கலந்த சலவைத்தூளைப் போட்டு ஊறவைத்துத் துவையுங்கள். வியர்த்த சட்டையைப் பையில் சுருட்டி வைக்காதீர்கள், உடனே விரித்துக் காயப்போடுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் பருத்திக்கு மாறிவிடுவதுதான் நல்லது.

நெடுவழி:

குறுக்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். கனரக வாகனம் ஓட்டுகிறேன், வேலைக்கு ஏறும் முன் மது சோதனைக் கருவியில் ஊத வேண்டும். குடிக்கும் பழக்கமே இல்லை. மூச்சில் அசிட்டோன் இருந்தால் கருவி என்னைக் குடித்தவன் என்று காட்டிவிடுமா? கீட்டோவில் 3 வாரமாக இருக்கிறேன், இதைப் படித்ததிலிருந்து வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

செம்பருந்து:

உங்கள் பயம் நியாயமானதுதான். இப்போது பரவலாகப் பயன்படும் மின்வேதிக் கருவிகள் அசிட்டோனை மதுவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் உடம்பு அசிட்டோனில் கொஞ்சத்தை ஐசோபுரோபனாலாக மாற்றக்கூடும், அதுவும் ஒரு ஆல்கஹால், கருவிக்கு அதையும் எத்தனாலையும் பிரிக்கத் தெரியாது. மிகக் குறைந்த கலோரிக் கீட்டோ உணவில் இருந்த, மது தொடாத ஒருவரை அவருடைய காரில் பொருத்தியிருந்த, மூச்சில் மது இருக்கிறதா என்று பார்க்கும் பூட்டுக் கருவி வண்டியைக் கிளப்ப விடாமல் தடுத்தது 2007இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அரிதானது, ஆனால் நடந்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, இந்த உணவு முறையில் இருப்பதை உங்கள் மேலாளரிடம் இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், கருவி காட்டிய பிறகு சொன்னால் சாக்கு போலத் தெரியும். ஒருவேளை காட்டிவிட்டால் அங்கேயே நின்று, அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். ஆய்வகத்தில் எத்தனாலையும் ஐசோபுரோபனாலையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அதுவரை மாவுச்சத்தை 40 கிராம் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், வேலை நாட்களில் பட்டினி கிடக்காதீர்கள். பட்டினியில்தான் கீட்டோன் சரசரவென்று ஏறும்.

நெடுவழி:

நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் ஐயா. நன்றி.